உமிக்கரி பேட்டரி

என் அப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. அதை ஒரு நல்ல குணம் என்றுதான் எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு பேட்டரி கடை இருந்தது. லாரி, டிராக்டர் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவார். கெட்டுப்போன பிளேட்டை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துக் கொடுப்பார். திருவிழாக் காலத்தில் மைக் செட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். எங்கள் பூர்வீகம் கூரம். அங்கே பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். அப்பா மட்டும் மீசை முளைக்கும் முன்பே ஊரைவிட்டு வந்து லாரி ஷெட்டில் வேலை கற்றுக்கொண்டவர். ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய வேட்டிகளெல்லாம் பொத்தலாக இருக்கும். ஆசிட் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. துவைக்கும்போதுதான் அந்த இடம் தூளாக உதிர்ந்துபோகும். "நல்லது கெட்டதுக்குப் போக ஒரு முழு வேட்டி இருக்குதா இந்த வீட்டுல?" என்று அம்மா அடிக்கடி கேட்பாள்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில். அங்கே உமியை எரித்துக் கரியை மலைபோலக் குவித்திருப்பார்கள். பேட்டரி பிளேட்டில் பூசுகிற ஈயப் பசையில் அந்த உமிக்கரியைக் கலந்தால் என்ன என்று அப்பாவுக்கு எப்படியோ தோன்றியிருக்கிறது. பல வருஷம் கலந்து கலந்து பார்த்தார். கடைசியில் ஒரு பக்குவம் கிடைத்தது. சாதாரண பேட்டரியில் சாயங்காலம் போட்ட சின்ன ஃபேன் பாதி ராத்திரியில் நின்றுவிடும். அப்பாவின் பேட்டரியில் அது விடிந்து, வெயில் ஏறிய பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அந்த ஃபேனைக் கடை வாசலில் ஒரு முக்காலிமேல் வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை.

அது அரபு நாடுகளில் சண்டை வந்து பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த சமயம். மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு சைக்கிளை எடுத்தவர்கள் உண்டு. கரண்ட்டும் சொல்லாமல் போய்விடும். அப்படிக் கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், சட்டையெல்லாம் வேர்வையாக வந்த ஒரு பட்டுக்கடை முதலாளி அந்த ஃபேன் முன்னால் நின்றார்.

"இன்னாபா இது? தெருவே கரண்ட் இல்லாமக் கெடக்குது, உன் கடையில மட்டும் காத்து வருது?"

அப்பா விளக்கினார். முதலாளி உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டே யோசித்தார். மறுநாளும் வந்தார். அடுத்து ஒரு லாரி முதலாளி வந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு, டிராக்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவந்த தாமல் ஊர் விவசாயி ஒருவர். அவர்தான் பின்னால் எனக்கு மாமனார் ஆனவர்.

மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கேரியரில் கடைக்கு எடுத்துப் போவேன். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை உள்ளே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருப்பேன். அப்போது அவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும்.

"பஸ்ஸ உட்டு எறங்கறவன் ஏகாம்பரநாதர பாத்துட்டு வரதராஜரப் பாக்க சின்ன காஞ்சிபுரம் போவணும். நடுவுல பொடவையும் எடுக்கணும்," என்பார் பட்டுக்கடைக்காரர். "நம்ம பேட்டரி வண்டி சத்தமில்லாம, பொகையில்லாம போயிக்கினே இருக்கும். ரெண்டு பக்கமும் நம்ம கடை பேரு. யோசன பண்ணிப் பாரு!"

"டீசல் ஊத்தாம லாரி ஓடுமா அண்ணே?" என்று பாய் கேட்பார்.

"ஏன் பாய் ஓடாது? பேட்டரிய பெருசா வெக்கணும், அவ்ளோதான்," என்பார் அப்பா.

"கெணத்து மோட்டாரு?" என்பார் தாமல்காரர்.

"அதுவும்தான்."

இப்படி ஒவ்வொருவர் கேட்டதற்கும் ஒரு ஆமாம் கிடைத்தது. அப்பா பொய் சொல்லவில்லை. கேட்பவர் முகம் மலர்வதைப் பார்த்தால் அவருக்கு அந்த நேரத்தில் எல்லாமே முடியும் என்று தோன்றிவிடும். அவர் யாரிடமும் போய்ப் பணம் கேட்டதும் இல்லை. அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார்கள். வாங்கிக்கொண்ட பிறகு ஆளுக்கொரு பங்கு என்று பேச்சு ஆயிற்று.

சமீபத்தில் என் மருமகன் டி.வி. பார்த்துவிட்டு, ஏதோ ஒரு கார் கம்பெனி புது பேட்டரி கண்டுபிடித்திருக்கிறது, அதன் பங்கு ஏறிக்கொண்டே போகிறது, நாமும் கொஞ்சம் வாங்கிப் போடலாம் அத்தை என்றார். அவர் முகத்தில் அந்த மூன்று பேரின் வெளிச்சத்தையும் பார்த்தேன். நல்லதுதான் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்தக் கம்பெனி நன்றாகவே இருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் நிற்க முடியவில்லை.

பங்கு போட்டவர் சம்பந்தியாவது என்று தீர்மானித்தது தாமல்காரர்தான். அவருக்கு ஒரே மகன். அப்பாவுக்கு ஒரே மகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேட்டரி. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கேசரியும் பஜ்ஜியும் செய்து, தலை நிறையப் பூ வைத்து, அம்மா என்னைக் கூடத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினாள். நான் நமஸ்காரம் பண்ணி நிமிர்வதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அந்த ஃபேனு இன்னும் ஓடிக்கினுதான் இருக்குதா?" என்று அப்பாவிடம் கேட்டார். ஓடுகிறது என்றார் அப்பா. அவ்வளவுதான். மாப்பிள்ளை உட்பட எல்லா ஆண்களும் எழுந்து கடைக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் என் வருங்கால மாமியாரும் நானும் பஜ்ஜித் தட்டுகளும்தான் மிச்சம். மாமியார் என்னைப் பார்த்து, "உனுக்கு சமையல் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இரக்கம் இருந்தது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. போனவர்கள் திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கார் ஒன்றை வாங்கி, என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெட்ராஸில் ஏலத்தில் எடுத்த ஒரு மோட்டாரை வைத்தார் அப்பா. ரயில்வே பிளாட்பாரத்தில் சாமான் ஏற்றிப்போகும் பேட்டரி வண்டியின் மோட்டார் அது. பின் சீட்டுக்கு அடியிலும் முன்னால் என்ஜின் இருந்த இடத்திலும் பேட்டரிகள். கடையிலிருந்து ரயில் கேட் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. சத்தமே இல்லாமல் வந்ததால் ஒரு மாடு நகராமல் நின்று அதை வேடிக்கை பார்த்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரில்தான் நடக்கவேண்டும் என்றார் பட்டுக்கடைக்காரர். ஊரே பார்க்கும், அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா என்றார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா மட்டும் தயங்கினார். "பிளேட்டு கொஞ்சம் பழசாயிடுச்சி. ஊர்கோலத்துக்குப் பெட்ரோல் காரே வெச்சிக்கலாமே," என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பா இரண்டாம் முறை சொல்லவும் இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். பொழுது சாய்கிற நேரம். நான் அலங்காரம் முடிந்து மாடியறை ஜன்னலோரம் நின்றிருந்தேன். தெருக்கோடியில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு கார் திரும்பியது. சாமந்தியும் ரோஜாவுமாகப் பூந்தேர் மாதிரி இருந்தது. நடுவில் மாப்பிள்ளை, வெள்ளை வேட்டியும் கோட்டுமாக. தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். கார் சத்தமில்லாமல் மிதந்துவருவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைச் செய்தது என் அப்பா என்று அந்த அறையிலிருந்த பெண்களிடமெல்லாம் சொல்லவேண்டும்போல இருந்தது.

சத்திரத்துக்கு நாலு வீடு தள்ளி கார் நின்றது.

முதலில் வேண்டுமென்றுதான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாதஸ்வரக்காரர் அந்த இடத்திலேயே நின்று வாசித்தார். வாசித்து முடித்தும் கார் நகரவில்லை. பூச்சரங்களுக்கு நடுவிலிருந்து ஆவி மாதிரி ஏதோ கிளம்பியது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அப்பா ஓடிவந்து பூவையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தார். உடனே கையை உதறினார். மாப்பிள்ளை இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் எழுந்து பாதி நின்ற நிலையில் இருந்தார். பாதி வழியில் இறங்குவது அபசகுனம் என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒயரு லூசு! வேற ஒண்ணும் இல்ல. தள்ளுங்கபா!" என்று பட்டுக்கடைக்காரர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். பாயும் மாமனாரும் சேர்ந்துகொண்டார்கள். பங்குக்காரர்கள் மூன்று பேரும் மூச்சிரைக்கத் தள்ள, கல்யாண மேளம் முன்னால் போக, மாப்பிள்ளை உள்ளே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, கார் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தது. தெருவில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு இரண்டு பக்கமும் பரவியது. என் அறையில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அப்பா காருக்குப் பின்னால், வெந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்துவந்தார். நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன்.

தாமலுக்குப் போன பிறகு ஒருநாள் மாமியார் துணி துவைத்துவிட்டு வந்தாள். மாப்பிள்ளை அழைப்புக்கு என் வீட்டுக்காரர் கட்டியிருந்த வேட்டியைக் கொடியில் விரித்தாள். பின்பக்கம் முழுக்கச் சல்லடையாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் வேட்டிகள் எப்படி இருக்குமோ அப்படி. மாமியார் என்னைப் பார்த்தாள். அதைக் கிழித்து விளக்குத் துடைக்க வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் காரும் தாமலுக்கு வந்து சேர்ந்தது. கடையில் வைத்தால் யாராவது பார்த்து ரகசியத்தைத் திருடிவிடுவார்கள் என்று மாமனார் பயந்தார். அதனால் ஒரு ஜோடி எருதுகளைப் பூட்டி, வேலூர் ரோடு நெடுக இழுத்துக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மாமனார் கூச்சப்படவே இல்லை. "ரிப்பேருக்கு வருது. அடுத்த வருஷம் தானா போவும் பாரு," என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் நிறுத்தி, மேலே ஓலைப் பாயைப் போட்டு மூடினார். ஊரில் அவருக்குப் பேட்டரிக்காரர் என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரை மரியாதையாகத்தான் சொன்னார்கள்; ஒன்றிரண்டு பேர் அவரிடம் பங்குப் பணமும் கொடுத்தார்கள்.

அப்பா வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து பேட்டரியைப் பிரித்துப் பார்ப்பார். மாமனார் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வேளைக்குச் சாப்பாடு, மோர், வெற்றிலை, எல்லாம் உபசாரமாக நடக்கும். பிறந்த வீட்டு மனிதர் வந்தால் பெண்ணுக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். எனக்கோ அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே உள்ளே போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும்.

ஒரு மத்தியானம் மாமனார் வயலுக்குப் போயிருந்தார். நான் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"இது ஆவாதும்மா," என்றார்.

"எது?"

"பேட்டரிதான். உமிக்கரி கலந்தா மொதல்ல நல்லாத்தான் இழுக்குது. ஏத்தி எறக்க ஏத்தி எறக்க, பசை புடிப்பு உட்டுப்போவுது. ரோட்டுல குலுங்கினா இன்னும் சீக்கிரம். எல்லாம் உதுந்து அடியில சேறாத் தங்கி, ஷார்ட் ஆயி கொதிக்குது. அன்னிக்கி ஊர்கோலத்துல ஒயரு லூசு இல்ல. இதான்."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா? 'நீங்க சரி பண்ணிடுவீங்க சம்பந்தி, எனக்குத் தெரியும்'ன்றாரு. நான் பேசறதே அவுரு காதுல உழ மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் மாமனார் மாட்டைக் கட்டிவிட்டு வந்ததும் நானே சொன்னேன். "மாமா, எங்கப்பாவால அது ஆவாதாம். அவரே சொல்றாரு. இன்னும் யார்கிட்டயும் பங்கு வாங்க வேணாம்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "பெத்த அப்பனப் பத்தி இப்டிப் பேசலாமாம்மா? ஏதோ களைச்சிப்போயி ரெண்டு வார்த்த சொல்லியிருப்பாரு. அத வந்து நீ சொல்றியே. அவுரு மூள இன்னான்னு எனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். "இந்த ஊர்ல எங்கப்பாவுக்கு இப்பதான் ஒரு மதிப்பு வந்துக்கினு இருக்குது. நீ வாயத் தொறக்காத."

அப்பாவைப் பற்றி வெட்கப்பட்டேன். இப்போது அவரைக் காட்டிக்கொடுத்தவள் என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது.

அப்பா விடவில்லை. பட்டுக்கடைக்குப் போய்ச் சொன்னார். பாயின் ஷெட்டுக்குப் போய்ச் சொன்னார். அதில்தான் காரியம் இன்னும் கெட்டது. அந்த வாரம் மெட்ராஸ் நம்பர் போட்ட ஒரு டாக்ஸி, பேட்டரி இறங்கிப்போய் அப்பாவின் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். பட்டுக்கடைக்காரர் நேராகத் தாமலுக்கு வந்து மாமனாரைத் தனியாக அழைத்துப் பேசினார். தனியாக என்றாலும் சமையலறை வரைக்கும் கேட்டது.

"மெட்ராஸ்ல பெரிய கம்பெனிக்காரன் வந்து வெல பேசிட்டுப் போயிருக்கான்பா. அதனாலதான் உன் சம்பந்தி, ஆவாது ஆவாதுன்னு சொல்லி நம்மளக் கழட்டி உடப் பாக்கறாரு. பொருள்ல சத்து இல்லன்னா அவன் ஏன் வரான்?"

அதைக் கேட்ட மாமனாருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அவர் நம்பியது சரி என்று யாரோ மெட்ராஸ்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனது போலிருந்தது அவருக்கு. பேச்சு ஊரில் பரவியது. புதிதாகப் பங்கு கேட்டு ஆட்கள் வந்தார்கள். அப்பா முடியாது என்று சொல்லச் சொல்ல மதிப்பு ஏறியது. ஒளித்துவைக்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வயலில் களையெடுக்க ஒரு அம்மாள் வருவாள். புருஷன் இல்லாதவள், காலனியில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள். என்னிடம் மட்டும் கொஞ்சம் உரிமையாகப் பேசுவாள். ஒருநாள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"சின்னம்மா, ஆட்ட வித்துட்டேன். பேட்டரில போடலாம்னு இருக்கேன். உங்க அப்பாருதான பண்றாரு, குடுக்கலாமா?"

"வேணாம். அந்தக் காச வெச்சிரு. அது ஆவற காரியம் இல்ல," என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்கள்ளாம் மட்டும் வெச்சிக்கலாம்னு பாக்கறீங்களா?"

வாசல்பக்கம் போய் மாமனாரிடம் கொடுத்துவிட்டாள். அவரும் வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மசக்கை என்று மாமியார் நினைத்துக்கொண்டாள். அதுவும் பொய்யில்லை, அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

அவள் ஆட்டை விற்ற சேதியை அப்பாவிடம் சொன்னது நான்தான். அவர் உடனே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாப் பங்குக்காரர்களும் தாமலுக்கு வரவேண்டும் என்று சொல்லியனுப்பச் சொன்னார்.

அவர்கள் கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார்கள். கம்பெனிக்காரன் விலை சொல்லிவிட்டான், அதை அறிவிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். பட்டுக்கடைக்காரர் ஒரு பெட்டி மைசூர்பாகும் ரோஜா மாலையும் வாங்கிவந்திருந்தார். பாய் புது லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். தாமலில் பங்கு போட்டவர்களும், அன்று மாதா கோயிலுக்குக்கூடப் போகாமல் வந்த அந்தக் களையெடுக்கும் அம்மாளும் வேலியோரம் நின்றார்கள். அப்பா முதல் பஸ்ஸிலேயே வந்து, காரிலிருந்து பேட்டரிகளை எடுத்துச் சாக்குமேல் வரிசையாக வைத்திருந்தார். பட்டுக்கடைக்காரர் போய் அப்பாவின் கழுத்தில் மாலையைப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மோர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றேன்.

அப்பா மாலையைக் கழற்றிக் கார்மேல் வைத்தார். உளியை எடுத்து ஒரு பேட்டரியின் தார்ப்பூச்சைக் கொத்தினார். மூடியைப் பெயர்த்து, உள்ளேயிருந்த பிளேட்டுகளைத் தூக்கிக் காண்பித்தார். பசையெல்லாம் போய் வெறும் ஈயவலையாக இருந்தன. பிறகு பெட்டியைச் சாய்த்தார். கறுப்பும் சாம்பலுமாகச் சேறு கொட்டி, மண்ணில் லேசாக நுரைத்தது. அடுத்த பேட்டரியையும் கொத்தினார். அதிலும் சேறு. அடுத்ததிலும்.

"இதாங்க உள்ள இருக்கறது," என்றார். "மெட்ராஸ்ல இருந்து எவனும் வரல. என்னால ஆவல. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

கோழிகள் வந்து சேற்றைக் கிளறப் பார்த்துவிட்டு விலகிப்போயின. பட்டுக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"உமிக்கரிக்கு பதிலா வேற எதுனா கலந்து பாத்தா?"

"இல்ல," என்றார் அப்பா.

"இன்னும் ஒரு வருஷம் டைம் எடுத்துக்கினு..."

"இல்லீங்க. ஆவாது."

கேட்டவர் முகத்துக்கு நேராக அவர் 'இல்ல' என்று சொன்னதை நான் அப்போதுதான் கேட்டேன். பட்டுக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாய் மட்டும் போகும்முன் அப்பாவின் பக்கத்தில் நின்று, "ஊர்கோலத்தன்னிக்கே ஒடச்சிக் காமிச்சிருக்கலாமே அண்ணே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாமனார் கட்டிலை விட்டு எழவே இல்லை. வெயில் ஏறி அவர்மேல் விழுந்தபிறகு உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மைசூர்பாகுப் பெட்டி பிரிக்காமலே கிடந்து எறும்பு மொய்த்தது.

அதற்குப் பிறகும் ஊரில் மாமனாரைப் பேட்டரிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். கிணற்றடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருத்தி, "உங்க வீட்டு மோட்டாரு கரண்ட்டுல ஓடுதா, பேட்டரிலயா?" என்பாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டில் மாமனார் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முன்போலப் பேசவும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை அவர் என்மேல் கோபமாக இல்லை. நான் அன்றைக்கே சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வளையவந்துகொண்டிருந்தோம்.

அந்தக் களையெடுக்கும் அம்மாளை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. கல்யாணச் சீராகப் பிறந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு கிடேரிக் கன்று கொடுத்திருந்தார்கள். அதை அவளுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேன். "குடுத்துடு," என்றாள் உடனே. கன்றை அவிழ்த்துக்கொண்டு காலனி வரைக்கும் போனேன். அவள் குடிசை வாசலில் நின்று கன்றையும் என்னையும் பார்த்தாள்.

"கன்னு வேணாம் சின்னம்மா. இதுக்குத் தீனிக்கு நான் எங்க போறது? நான் குடுத்தது ஆடு. ஆடு வந்தா போதும்." பிறகு, "நீ வேணாம்னுதான் சொன்ன. நான்தான் கேக்கல," என்றாள்.

கன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். வழியெல்லாம் அது முரண்டு பிடித்தது.

அப்பா கடையை விற்றுவிட்டு, வேறொருவர் ஷெட்டில் கூலிக்குப் போனார். வந்ததைக் கொண்டு ஒவ்வொருவருக்காகத் திருப்பிக் கொடுத்தார். முழுக்க அடைபடப் பல வருஷம் ஆயிற்று. ஆனால் முதலில் கொடுத்தது அந்த ஆட்டைத்தான். எந்தச் சந்தையில் வாங்கினாரோ, பஸ்ஸில் ஏற்றவில்லை போலிருக்கிறது. ஏரிக்கரை வழியாகக் கயிற்றைப் பிடித்து அதை ஓட்டிக்கொண்டு வந்தார். மாமனார் வாசலில் நின்று அவர் வருவதைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் காலனிக்குப் போய், ஆட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். கால் முழுக்கப் புழுதி.

மாமனார் வாங்க என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மாமியார்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "கைகால் கழுவிக்கினு உக்காருங்க அண்ணே, சாப்புட்டுப் போவலாம்," என்றாள். கூடத்தில் இரண்டு இலை போட்டாள், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று மாமனாருக்கு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் நிறைமாத வயிற்றோடு பரிமாறினேன்.

அப்பா நல்ல பசியோடு வந்திருக்கவேண்டும். குழம்புச் சோற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றார்.

சோற்றுத் தட்டைக் கையில் எடுத்தேன். எடுத்தவள், போடுவதற்கு முன்னால் திரும்பி மாமனார் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், என்னைக் கவனிக்கவே இல்லை. ஒரு கணம்தான். அதற்குள் அப்பா பார்த்துவிட்டார்.

நான் குனிந்தபோது அவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதும்மா, மோரே ஊத்து," என்றார்.